ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது அவ்வளவு பெரிய தவறா?

பேஸ்பாலின் மிக மோசமான வீரர் பரிமாற்றங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இரண்டு பெயர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, 1987இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்ட ஜான் ஸ்மோல்ட்ஸ். இன்னொன்று, 1990இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்ட ஜெஃப் பேக்வெல். இருவரும் அப்போது மைனர் லீகில் (மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்துக்குக் கீழே, இளம் வீரர்கள் வளரும் அணிகளில்) ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள், இருவருமே வயதான ஒரு பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) ஈடாகக் கைமாறியவர்கள், இருவரும் பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேம் என்னும் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலுக்குள் போனவர்கள். ஆகவே இரண்டுக்கும் ஒரே தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலாவதை நான் இன்றும் நியாயப்படுத்துவேன். இரண்டாவதற்காக வாதாட எனக்கு வாய் வராது.

1987 ஆகஸ்டில் ஸ்மோல்ட்ஸுக்கு 20 வயது. மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே, டபுள்-ஏ அணியொன்றில் 4 வெற்றி, 10 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தார், அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஓர் ஆட்டத்துக்கு ஒரு பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்கள்; குறைவாக இருந்தால் நல்லது) ஐந்தரையைத் தாண்டியிருந்தது. டைகர்ஸோ கோப்பைக்கான போட்டியில் கழுத்தளவு இறங்கியிருந்தது. ஸ்மோல்ட்ஸுக்கு ஈடாக வந்து சேர்ந்த பிட்சர் டாயில் அலெக்ஸாண்டர் 9 ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. சீசனின் கடைசி வார இறுதியில் டொரோண்டோ அணி ஒரு ஆட்டம் முன்னிலையோடு டெட்ராய்ட்டுக்கு வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை அலெக்ஸாண்டர் பந்து வீசி 4-3 என்று வென்றார். சனிக்கிழமை 12 இன்னிங்ஸ் இழுத்து 3-2. ஞாயிறன்று லாரி ஹெர்ண்டன் அடித்த ஒரே ஒரு ஹோம் ரன்னில் (பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் அடி) 1-0. இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் டைகர்ஸ் தன் பிரிவை வென்றது. அலெக்ஸாண்டர் இல்லாமல் அந்த இரண்டு ஆட்டங்கள் எங்கிருந்து வந்திருக்கும்? அதன் பிறகு நடந்த பிளேஆஃப் சுற்றில் மினசோட்டாவிடம் அவரே இரண்டு முறை அடிவாங்கி அணி வெளியேறியதும் உண்மைதான். ஆனால், வாங்கிய சரக்கு எதற்காக வாங்கப்பட்டதோ அதைச் செய்துமுடித்த பிறகுதான் உடைந்தது.

ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்), 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது என்று உயர்ந்ததை வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஸ்மோல்ட்ஸ் டெட்ராய்ட்டிலேயே இருந்திருந்தாலும் அப்படியே உருவாகியிருப்பார் என்பதுதான் இந்தக் கணக்கின் அடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அனுமானம். 1991இன் முதல் பாதியில்கூட அவர் 2 வெற்றி, 11 தோல்வி என்று கிடந்தார். உளவியல் நிபுணர் ஒருவரை அணுகிய பிறகு மீதிப் பாதியை 12-2 என்று முடித்தார். அவ்வளவு காலம் பொறுத்திருந்து, அவரைத் தொடர்ந்து களமிறக்கியது அட்லாண்டா. அந்தப் பொறுமையின் பலனை டெட்ராய்ட்டின் நஷ்டக் கணக்கில் எழுதுவது நியாயமாகப் படவில்லை.

பேக்வெல் விஷயம் வேறு. அவர் தடுமாறிக்கொண்டிருந்த வீரரல்ல. அதே டபுள்-ஏ மட்டத்தில் .333 சராசரியில் (மூன்று வாய்ப்பில் ஒன்றில் வெற்றிகரமான அடி, பேஸ்பாலில் மிக நல்ல அளவு) அடித்துக்கொண்டிருந்த 22 வயதுக்காரர். அவருக்கு ஈடாக வந்தவர் லாரி ஆண்டர்சன், 37 வயது ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசும் பிட்சர்). அணியில் அவர் இருந்ததே சீசனின் கடைசி ஒரு மாதம்தான். வீசியது 22 இன்னிங்ஸ். நன்றாகவே வீசினார், பாஸ்டனும் பிரிவை வென்றது, பிறகு பிளேஆஃப் சுற்றில் ஓக்லண்டிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. அடுத்த சீசனில் ஆண்டர்சன் சான் டியேகோவில் இருந்தார். பேக்வெல் ஆடிய மூன்றாம் பேஸ் என்ற களக்காப்பு இடத்தில் பாஸ்டனுக்கு வேட் பாக்ஸ் இருந்ததால் பேக்வெல்லுக்கு இடமில்லை என்று இன்றும் சமாதானம் சொல்கிறார்கள். ஹூஸ்டனிலும் மூன்றாம் பேஸில் கென் கேமினிட்டி இருந்தார். அவர்கள் சில மாதங்களிலேயே பேக்வெல்லை முதல் பேஸுக்கு மாற்றிவிட்டார்கள், அவரும் 1991இலேயே சிறந்த அறிமுக வீரர் விருதை வாங்கினார். அவர் பின்னாளில் அடித்த 449 ஹோம் ரன்களை நான் இந்த வாதத்தில் சேர்க்கவே இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவலே போதும்.

இந்தப் பட்டியல்களுக்கு இன்னொரு குறை உண்டு. கொடுக்கப்பட்ட இளைஞன் ஜொலித்தால்தான் அவன் பெயர் அதில் ஏறும். 2007 டிசம்பரில் இதே டைகர்ஸ், கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் உட்பட ஆறு பேரைக் கொடுத்து ஃப்ளோரிடாவிடமிருந்து மிகெல் கப்ரேராவை வாங்கியது. எதிர்கால நட்சத்திரங்கள் என்று அன்று கொண்டாடப்பட்ட அந்த இருவரும் ஃப்ளோரிடாவில் சோபிக்கவில்லை; கப்ரேராவோ 2012இல் டிரிபிள் கிரவுன் (அடிச் சராசரி, ஹோம் ரன், அணிக்குக் கொண்டுவந்த ரன் மூன்றிலும் லீகில் முதலிடம்) வென்றார். டைகர்ஸ் எதை இழந்தது என்று இன்று யாரும் கேட்பதில்லை.

சிகாகோ கப்ஸ் 2016 ஜூலையில் க்ளைபர் டோரஸ் என்ற இளம் வீரரைக் கொடுத்து, சில மாதங்களுக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய பிட்சர் அரோல்டிஸ் சாப்மனை நியூயார்க் யாங்கீஸிடமிருந்து வாங்கியது. ஆண்டின் கோப்பையை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ்: சாப்மன் வீசிய பந்தை ராஜாய் டேவிஸ் இடதுபக்கச் சுவருக்கு அப்பால் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த இரவு அங்கிருந்து கைநழுவிப் போயிருந்தால், டோரஸின் பெயரும் ஸ்மோல்ட்ஸுக்கும் பேக்வெல்லுக்கும் பக்கத்தில் ஏறியிருக்கும். கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று வென்று கோப்பைக்கான 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது. அந்த ஆட்டத்தின் வெற்றி பெற்ற பிட்சராகப் பதிவேட்டில் இருப்பது, முன்னிலையைக் கோட்டைவிட்ட அதே சாப்மனின் பெயர்தான்.