வட்டியில்லாத் தவணை: அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

“0% தவணையில் டிவி, கைப்பேசி வாங்கினால் ஒரு மாதம் கட்டத் தவறினாலும் வட்டி வராது, கடன் பதிவிலும் ஏறாது” என்று ஒரு செய்தி நம் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள்.

கிரெடிட் கார்டில் எடுக்கும் தவணையில் நடப்பது இதுதான். டிவி 2,400 வெள்ளி, 24 மாதம் என்றால் மாதம் 100 வெள்ளி கார்டு பில்லில் வரும். அந்த 100 வெள்ளிக்கு வட்டி இல்லை, சரி. ஆனால் பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் மிச்சத் தொகைக்கு வழக்கமான கார்டு வட்டி ஏறும். பெரும்பாலான கார்டுகளில் அது ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல். குறைந்தபட்சத் தொகையும் கட்டவில்லையென்றால் தாமதக் கட்டணம் வேறு. கட்டத் தவறியது, நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூரின் பதிவிலும் தெரியும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதைத்தான் பார்க்கும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை: வழக்கமாக முழு 2,400 வெள்ளியும் முதல் நாளே கார்டு வரம்பில் பிடிக்கப்படும். வரம்பு 6,000 என்றால் மிச்சம் 3,600தான்.

உங்கள் வங்கியின் தவணைத் திட்ட விதிமுறைகளிலும் சிங்கப்பூரின் தேசிய நிதிக் கல்வித் திட்டமான மணிசென்ஸின் இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம். உங்கள் கடன் அறிக்கையைக் கிரெடிட் பியூரோவிடமே வாங்கிப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.