பொடி தூவினால் மட்டும் போதாது
சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் ஊறிய மண்ணில் எண்ணெயைத் தின்னும் 'ஆயில்ஜாப்பர்' நுண்ணுயிர்க் கலவையைத் தூவினாலே வேலை முடிந்தது என்பதுபோல் நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. டெரி (TERI) என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவை நல்லதுதான். ஆனால் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற தீனியும் காற்றும் இல்லாமல் அது என்ன செய்யும்? ஒரு டன் மண்ணில் 10 கிலோ எண்ணெய் இருந்தால் கார்பன் சுமார் 8.5 கிலோ. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன் என்று கணக்கிட்டால் யூரியா மட்டும் 1.8 கிலோ வேண்டும், பாஸ்பரஸ் தனி. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியா ஏறி நுண்ணுயிரே சாகும். மூன்று நான்கு தவணையாகக் கரைத்துத் தெளிக்கணும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. மழையில் தார்ப்பாய் மூடாவிட்டால் சேறாகி ஆக்சிஜன் உள்ளே போகாது. இன்னொன்று: காற்றுப் போக மண்ணைக் கிளறும் கலப்பை ஓரடி ஆழத்துக்கு மேல் எட்டுவதில்லை. மேல்மண்ணில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு 'சுத்தம்' என்று அறிக்கை எழுதுவதை எப்படி ஏற்பது?