தெருவுக்கு 30 போதும், ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது

சென்னையில் குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியும் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2023 நவம்பரிலேயே போக்குவரத்துக் காவல்துறை அறிவித்துவிட்டது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

50க்கும் 30க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குறுக்கே ஒரு சைக்கிள் வருகிறது. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும். காய்ந்த ரோட்டில் 30ல் வரும் பைக் சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். 50ல் வருபவர் பிரேக்கைத் தொடுவதே அந்த 14 மீட்டரைக் கடந்த பிறகுதான். அதற்குள் முழு வேகத்தில் மோதியிருப்பார். இப்படி 50ல் போவதால் மிச்சமாகும் நேரம், 500 மீட்டர் தெருவுக்கு 24 வினாடி.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டத் தெரு வேண்டாமா?

வேகத்தடைதான் இருக்கிறதே என்பார்கள். அதில்தான் சிக்கல். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு சொல்லும் வட்ட வடிவத் தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25ல் வந்தால் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டும் தார் மேடு அரை மீட்டர்கூட அகலம் இருக்காது, செங்குத்தாக நிற்கும். தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் இறங்கித் தள்ளவேண்டும். மழைத்தண்ணீர் போக ஓரத்தில் ஒரு அடி சந்து விடுவார்கள். பைக்காரர் வேகம் குறைக்காமல் அதில்தான் புகுவார், சைக்கிள்காரரும் அதில்தான் ஒதுங்குவார். சைக்கிளைக் காக்கப் போட்ட தடையே அவரை இடிபட வைக்கிறது. வடிகால் வாய்க்கு ஒட்டினாற்போல், தண்ணீர் வரும் பக்கத்தை விட்டு மறுபக்கம் தடை போட்டால் சந்தே தேவையில்லை.

கறுப்பு மஞ்சள் ரப்பர் தடை இன்னும் மோசம். ஒரு துண்டு பெயர்ந்தால் போல்ட் மட்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், சைக்கிள் டயரைக் கிழித்துவிடும்.

ஒற்றைத் தடையால் பயனும் இல்லை. தாண்டியதும் முறுக்குவார்கள். 80, 100 மீட்டருக்கு ஒன்று வேண்டும். அதைவிட முக்கியம், என் கணக்கில், தெருமுனை. டி.எச். ரோடு எனப்படும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் முனை அகலமாக வளைந்திருந்தால் யாரும் பிரேக் பிடிப்பதில்லை. அங்கே நடைபாதையை நீட்டி வளைவைக் குறுக்கினால், ஆட்டோவோ குட்டியானையோ நிதானித்துத்தான் உள்ளே வரும். 30 என்ற பலகையையும் அந்த இடத்திலேயே நடவேண்டும்.

இதையெல்லாம் ரோடு போடுவதற்கு முன்பே கேளுங்கள். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் பதியுங்கள், வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறார்களா, தடையின் அளவு சரியா, வெள்ளைக்கோடு அடித்தார்களா என்று டேப் வைத்து நின்று பாருங்கள். தார் இறுகிய பிறகு கேட்டால், அடுத்த ரோடு போடும்போது பார்க்கலாம் என்பார்கள்.