வாத்துக்கும் பறவைக் காய்ச்சல் வரும்

"பறவைக் காய்ச்சல் கோழிக்குத்தான், வாத்துக்கு வராது. வீட்டிலேயே பயமில்லாமல் அறுக்கலாம்" என்று ஒரு செய்தி ரங்கூன், பெகு பக்கத்து நம் ஆட்களின் வைபர் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 கிருமி வாத்துக்கும் தொற்றும். ஆனால் தொற்றிய பிறகும் பல வாத்துகள் வாடாமல் இரை எடுக்கும், வாய்க்காலில் நீந்தும். அப்போதும் எச்சத்தில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். கோழி செத்து விழுந்து காட்டிக்கொடுத்துவிடும், வாத்து அப்படியில்லை. 'வராது' என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். பர்மாவில் இந்நோய் 2006இல் பண்ணைப் பறவைகளிடமும், 2007இல் ஷான் மாநிலத்தில் ஒரு சிறுமியிடமும் உறுதியானது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

வாத்துக்கறியை யாரும் விடவேண்டியதில்லை. உள்ளே வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் கிருமி சாகும். தொடை எலும்போரம் சிவப்பு தெரியக்கூடாது. ஐஸ்பெட்டியில் வைத்தால் சாகாது.

அதிகம் கவனிக்க வேண்டியது அறுக்கும் இடத்தைத்தான். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போதும் குடல் எடுக்கும்போதும் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவேண்டாம். கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயுற்ற, தானாகச் செத்த வாத்தை அறுக்கவே கூடாது. உங்கள் ஊர் கால்நடை மருத்துவ அலுவலகத்தில் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் இவற்றைச் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.