பாசிவ் பர்செப்ஷன் 24, விழுந்த இடம் குழி

"பார்க்கிறேன்னு நீ சொல்லவே இல்லையே."

இந்த ஒரு வரியால் நேற்று ராத்திரி தூக்கம் போச்சு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், அதாவது டைஸ் உருட்டிக் கதை ஆடும் மேஜை விளையாட்டில், ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர் (டிஎம்) இடத்தில் உட்கார்ந்தவுடன் நல்ல மனுஷனுக்குக்கூட இந்த வரி எங்கிருந்துதான் வந்து ஒட்டிக்கொள்கிறதோ தெரியவில்லை. ஆமாம், சொல்லவில்லைதான். மூச்சு விடுகிறேன் என்றும் சொல்லவில்லை. மூச்சுத் திணறடித்தே கொன்றிருக்கலாமே, எதற்குக் குழி?

நான் ஆடும் பாத்திரம் ஒரு ரோக் (பதுங்கித் திருடும் ஆள்), வுட் எல்ஃப் இனம், ஐந்தாவது லெவல். பாசிவ் பர்செப்ஷன் என்றால் டைஸ் உருட்டாமலே கண்ணில் படுவதற்கான எண். அடிப்படை 10. விஸ்டம் (விவேகம்) 16, அதற்கு 3. பர்செப்ஷனில் எக்ஸ்பர்டைஸ் (கூடுதல் தேர்ச்சி), அதற்கு 6. ஆக 19. நாலாவது லெவலில் "டெக்ஸ்டெரிட்டியை ஏத்துடா, உருப்படுவ" என்று மேஜையே கத்தியபோது, காதில் வாங்காமல் அப்சர்வன்ட் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்தேன். அதனால் நாங்கள் ஆடும் 2014 விதிப்படி பாசிவுக்கு இன்னும் 5. மொத்தம் 24. சண்டையில் நான் கொஞ்சம் தண்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வாயைத் திறக்காமல், டைஸைத் தொடாமல், கண்ணில் பட வேண்டியது தானாகப் பட வேண்டும். பாசிவ் என்றால் அதுதானே?

இருட்டுத் தாழ்வாரம். நான்தான் முன்னால் போகிறேன். டார்க்விஷன் (இருட்டிலும் பார்க்கும் கண்) இருந்தாலும் இருட்டு மங்கலாகத்தான் தெரியும், கண்ணால் பார்ப்பதற்கு டிஸ்அட்வான்டேஜ் (பாதகம்), பாசிவில் 5 குறையும். இதை டிஎம் சொல்லவில்லை, நானே கழித்துக் கொடுத்தேன். அப்பேர்ப்பட்ட நியாயஸ்தன் நான். 24ல் 5 போனால் 19. மூடி போட்ட குழியைக் கவனிக்க 2014 விதிப் புத்தகத்தில் போட்டிருக்கும் டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 15. நான்கு மிச்சம்!

"அது பாசிவ். நீ இப்ப எதைப் பார்க்கிற?" என்றான் டிஎம்.

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

"முன்னால இருக்கிறதை."

"சுவரா, தரையா, கூரையா?"

தரை என்றேன். எந்தப் பக்கம் என்றான். நடுவில் என்றேன். குனிந்தா, நின்றபடியா என்றான். குனிந்து என்றேன். குனிந்தால் கூரை தெரியாதே, பரவாயில்லையா என்றான். கூரையில் ஏதாவது இருக்கிறதா என்றேன். "அது உனக்கு எப்படித் தெரியும், நீதான் குனிஞ்சிருக்கியே" என்றான். போலீஸ் விசாரணை தோற்றது. பக்கத்தில் இருந்த மந்திரவாதி இதற்குள் தன் மந்திரப் பட்டியலை முழுதாக ஒரு தடவை படித்து முடித்துவிட்டான்.

கடைசியில், "சரி, கவனமா பார்க்கிறதால ரோல் பண்ணு." டிஸ்அட்வான்டேஜ், இருபது முக டைஸ் இரண்டு. ஒன்றில் 17. இன்னொன்றில் 3. குறைந்ததைத்தான் எடுக்கணும். 3 கூட்டல் 9, பன்னிரண்டு. அப்சர்வன்ட் கொடுக்கும் 5 பாசிவுக்கு மட்டும்தான், ரோலுக்குக் கிடையாது. ஆக, பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்தால் என் கண் 19. தரையோடு தரையாக மூக்கை வைத்துத் தேடினால் 12. தேடினால் குறைகிறதாம்! இனிமேல் என் ரோக் கண்ணை மூடிக்கொண்டுதான் நடப்பான், அதுதான் பாதுகாப்பு.

அந்தக் குழிக்கான விதி இன்னும் விசேஷம். பர்செப்ஷனில் 15 எடுத்தால், தரையின் அந்தப் பகுதியில் யாரும் நடந்த தடமே இல்லை என்பது தெரியும். அது குழியின் மூடிதான் என்று உறுதி செய்ய இன்வெஸ்டிகேஷனில் தனியாக இன்னொரு 15. கண்ணால் பார்ப்பதற்கு ஒரு டைஸ், பார்த்தது என்னவென்று மண்டைக்கு உறைக்க இன்னொரு டைஸ். இந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்புக் காலத்தில் பார்ப்பது, கேட்பது, தேடுவது என்று மூன்று தனித்தனி ஸ்கில். அதையெல்லாம் ஒன்றாக்கி, 2008ல் நாலாம் பதிப்பில் பாசிவையும் கொண்டுவந்தார்கள். சண்டை மட்டும் எந்தப் பதிப்பிலும் ஓயவில்லை. இதே மாதிரி இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் நடத்துகிறவரே மறைவாக உருட்டிவிடுவார். முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்காது. இப்போது அந்த மறைவில் போய் நானும் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விழுந்தேன். இருபது அடி. இரண்டு டி6 (ஆறு முக டைஸ்), உயிரில் பதினொன்று போச்சு.

"எல்லாரும் பர்செப்ஷன் போடுங்க" என்றான் டிஎம். அதாவது நான் விழுந்த பிறகு. எங்கள் கூட்டத்துப் பார்பேரியன் (முரட்டுச் சண்டைக்காரன்) உருட்டினான். விஸ்டம் 8, தன் கோடாலியையே தேடி எடுக்கிற ஜென்மம். விழுந்தது இருபது! மேஜையே எழுந்து ஆடியது. மைனஸ் 1 போக 19. அவனும் அதே இருட்டில்தானே நிற்கிறான், அவனுக்கு எங்கே டிஸ்அட்வான்டேஜ், இன்னொரு டைஸ் எங்கே என்று குழிக்குள்ளிருந்து கேட்டேன். "இருபது விழுந்திருக்கு, விடுடா." அட்டாக் ரோலில் இருபதுக்கு மவுசு உண்டு, ஸ்கில் செக்கில் அதுவும் ஒரு எண், அவ்வளவுதான் என்று புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டப் போனேன். யார் கேட்டார்கள்?

டிஎம் தொண்டையைச் செருமிக்கொண்டு, படு கம்பீரமாகச் சொன்னான்: "உன் கூர்மையான கண்களுக்கு ஒன்று புலப்படுகிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த எல்ஃப்பைக் காணவில்லை."

அதற்கு மேல் முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கயிறு கேட்டேன். கயிறு என் பையில்தான் இருந்தது.

இதெல்லாம் போகட்டும். அந்த இருபது விழுந்ததே, அது என் டைஸ். நீலத்தில் தங்க எழுத்து. போன மாதம் "ஒரே ஒரு ரோலுக்கு" என்று வாங்கினான் அந்தப் பார்பேரியன், இன்றைக்கு வரைக்கும் திருப்பித் தரவில்லை. நேற்று நான் 3 போட்டது அவனுடைய மூலை உடைந்த பச்சையில்.