கேட்கத் தெரிந்த ஒரு விலங்கியலாளர்

பனிமனிதன், நெஸ் ஏரி விலங்கு என்று யாராவது பேச்செடுத்தால் அறிவியல் படித்தவர்களில் பலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், மங்கலான ஒரு வீடியோவைப் போட்டு "விஞ்ஞானிகள் மறைக்கும் உண்மை" என்று தலைப்பு வைப்பவர்கள். இந்த இரண்டு தரப்புமே பெர்னார்ட் ஹூவெல்மான்ஸை ஒழுங்காகப் படித்ததில்லை என்பதுதான் என் வருத்தம். கிரிப்டோஜுவாலஜி, அதாவது பார்த்ததாகச் சொல்லப்பட்டும் அறிவியல் இன்னும் ஏற்காத விலங்குகளைத் தேடும் துறைக்கே தந்தை என்று சொல்லப்படுபவர் அவர்.

1916இல் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுக நகரில் பிறந்தவர். பிரசல்ஸில் விலங்கியல் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் என்ற விலங்கின் பல். மேலே எனாமல் கிடையாது, உள்ளே நுண்ணிய குழாய்களைக் கட்டாகச் சேர்த்துவைத்த மாதிரி இருக்கும், வேறு எந்தப் பாலூட்டியோடும் சேராத பல். அதை உட்கார்ந்து ஆராய்ந்தவரைக் கதைவிடுகிறவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அப்புறம் ஜாஸ் பாடினார், ஜாஸ் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1948இல் விலங்கியல் எழுத்தாளர் ஐவன் சாண்டர்சன் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரை அவரை இந்தப் பக்கம் திருப்பியது. பயணக் குறிப்புகள், காலனி அதிகாரிகளின் அறிக்கைகள், மாலுமிகளின் சாட்சியங்கள் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, 1955இல் அறியப்படாத விலங்குகளைப் பற்றி இரண்டு பாகங்களில் நூல் வெளியிட்டார்.

அந்த நூலின் அடிப்படை வாதம் எளிமையானது: அறிவியலுக்குத் தெரியாத பெரிய விலங்குகள் இன்னும் இருக்கலாம், அங்கே வாழும் மக்களுக்கு அவை ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். பெரிய நாற்கால் விலங்குகள் இனிமேல் புதிதாகக் கிடைக்க வாய்ப்பு குறைவு என்று 1812இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே எழுதினார். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய விலங்கியலாளர் இல்லை. ஏழே ஆண்டுகளில், 1819இல், குட்டைத் தும்பிக்கை கொண்ட மலேயா டேப்பிர் என்ற பெரிய விலங்கு அறிவியல் பட்டியலில் ஏறியது. அந்தக் காட்டு மக்களுக்கு அது புதுசே இல்லை.

ஒகாபியின் கதை இன்னும் தெளிவு. காங்கோ காட்டில் கழுதை மாதிரி ஒரு விலங்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார் பிரிட்டிஷ் காலனி அதிகாரி ஹாரி ஜான்ஸ்டன். காட்டுவாசிகள் அதன் காலடித் தடத்தைக் காட்டினார்கள். பிளவுபட்ட குளம்பு. குதிரை இனத்துக்கு ஒற்றைக் குளம்பு அல்லவா இருக்க வேண்டும் என்று அவர் நம்பவில்லை. அவருக்குக் கிடைத்த வரித்தோல் துண்டுகளை வைத்து லண்டனில் அதைக் குதிரை இனமாகவே பெயரிட்டார்கள். 1901இல் மண்டையோடும் முழுத் தோலும் வந்த பிறகுதான் அது ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு என்று தெரிந்தது. தடம் காட்டியவர்கள் சொன்னது சரி, படித்தவர்தான் கேட்கவில்லை.

1938இல் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், வலையில் வந்த மீன் குவியலுக்கு அடியில் நீலத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார் அங்கிருந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர். டைனோசர் காலத்தோடு அழிந்ததாக நினைத்திருந்த சீலகாந்த் அது. அடுத்த மீன் 1952இல் கொமோரோ தீவுகளில் கிடைத்தபோது, அங்கிருந்த மீனவர்கள் அதற்கு ஏற்கெனவே 'கொம்பெஸா' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

ஹூவெல்மான்ஸ் செய்த பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். வேட்டைக்காரரும் மீனவரும் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், அப்படியே விழுங்கவும் செய்யாமல், விசாரிக்க வேண்டிய சாட்சியமாக எடுத்துக்கொண்டார். யார் பார்த்தார், எங்கே, எவ்வளவு தூரத்தில், தெரிந்த விலங்கு எதையாவது தவறாகப் பார்த்திருக்கலாமா என்று சலித்தார்.

அவர் சறுக்கிய இடங்களையும் சொல்லத்தான் வேண்டும். 1965இல் கடல் பாம்பு பற்றிய நூலில் சாட்சியங்களைச் சலித்து ஒன்பது வகை விலங்குகளாகப் பிரித்தார். இன்றுவரை ஒன்றுக்குக்கூட எலும்பு கிடைக்கவில்லை. வாய்மொழியை எத்தனை அடுக்கினாலும் அது உடலாகிவிடாது.

அதைவிட மோசம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து விவகாரம். ஃபிராங்க் ஹான்சன் என்பவர் உறைபெட்டியில் பனிக்கட்டிக்குள் ஒரு ரோம மனிதனை வைத்துக் கண்காட்சிகளில் காசுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். 1968 டிசம்பரில் ஹூவெல்மான்ஸும் சாண்டர்சனும் போய்ப் பார்த்தார்கள். இடையில் கண்ணாடி, அதற்குக் கீழே பனி. தொட முடியாது, உருக்க முடியாது, எக்ஸ்ரே கிடையாது. அளந்தார்கள், வரைந்தார்கள், படமெடுத்தார்கள். அழுகல் வாடை வந்ததாகவும் சொன்னார்கள். சில வாரங்களில் ஹூவெல்மான்ஸ் அதற்கு 'ஹோமோ பொங்காய்டெஸ்' என்று அறிவியல் பெயரே சூட்டி வெளியிட்டுவிட்டார். ஹான்சனுக்கு அப்படி ஒரு பொம்மை செய்து கொடுத்த விவகாரம் தெரிந்ததும், இதில் ஆர்வம் காட்டிய அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பின்வாங்கியது. ஹூவெல்மான்ஸ் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு முடியைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்காமல் இனப்பெயர் வைத்ததை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது. மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளைத் தன் கண்ணிடம் கேட்காமல் விட்டுவிட்டார்.

ஆனால் அந்த ஒன்றை வைத்து மொத்த வாழ்க்கையையும் தள்ளுபடி செய்வது அநியாயம். 1982இல் தொடங்கிய சர்வதேசக் கிரிப்டோஜுவாலஜி சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சின்னமாக ஒகாபியை வைத்தார்கள், பனிமனிதனை அல்ல. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஆவணங்களை 1999இல் சுவிட்சர்லாந்தின் லோசான் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2001இல் இறந்தார்.

ஆதாரத்தைச் சோதிக்கிற பழக்கம் இந்தத் துறைக்கு எதிரி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பனிமனிதனுடையது என்று பாதுகாக்கப்பட்ட ஒன்பது மாதிரிகளின் டிஎன்ஏ முடிவு 2017இல் வந்தது. எட்டு கரடி, ஒன்று நாய். கனவு கலைந்தது என்று சிலர் புலம்பினார்கள். எனக்கு அது நல்ல செய்தி. அந்த மலைகளில் வாழும் கரடிகள் எந்த வம்சம், எப்போது பிரிந்தன என்பது பற்றி அந்த ஆய்வு நிறையச் சொன்னது.

இன்றைக்கும் இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. வியட்நாமின் வூ குவாங் காட்டில் 1992இல் ஆய்வுக்குப் போனவர்கள், வேட்டைக்காரர் வீடுகளில் மாட்டியிருந்த நீண்ட கொம்புகளைப் பார்த்துத்தான் சாவோலா என்ற மாட்டினக் காட்டு விலங்கைக் கண்டுபிடித்தார்கள். அதைக் காட்டில் நேரில் பார்த்த விலங்கியலாளர் ஒருவர்கூட இல்லை. தானியங்கிக் கேமராவில் கடைசியாகச் சிக்கியது 2013இல். கண்ணி வைத்துப் பிடிக்கிற வேட்டை அதை முடித்துக்கொண்டிருக்கிறது. நெஸ் ஏரிக்குப் போகும் கேமராக்களில் கொஞ்சமாவது சாவோலா வாழும் அன்னமைட் மலைத்தொடருக்குப் போகட்டும். அதைத் தேடுகிறவர்களுக்கும், கண்ணிகளை அகற்றும் காவலர்களுக்கும் பணம் போகட்டும்.