பொம்மைப் படம் என்று எழுந்து போகாதீர்கள்

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை என் மகள் 'அப்' படத்தைப் போட்டாள். அப்பா வழக்கம்போல, "பொம்மைப் படமா? நீங்க பாருங்கம்மா" என்று குடையைத் தேடி எழுந்தார். கீழே காப்பிக்கடையில் கூட்டாளிகள் காத்திருப்பார்கள். அன்றைக்கென்று மழை அப்படிக் கொட்டியது. சரி, விடட்டும் என்று திரும்ப உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். குழந்தைகளுக்கு என்று நாம் ஒதுக்கி வைக்கும் இந்தப் படங்களில் சில, வீட்டிலிருக்கும் வயதானவர்களிடம்தான் அதிகம் பேசுகின்றன. நாமோ பிள்ளைகள் முன்னால் படத்தைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறோம்.

'அப்' 2009இல் வந்தது. பிக்ஸார் தயாரிப்பு, பீட் டாக்டர் இயக்கம். அந்த வருடம் கான் திரைப்பட விழாவே இந்தப் படத்தோடுதான் தொடங்கியது. அனிமேஷன் படம் ஒன்று அந்த விழாவைத் தொடங்கி வைத்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படம், சிறந்த இசை என்று இரண்டு விருதுகள் கிடைத்தன. நானும் அப்போதே மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு தியேட்டரில் பார்த்தேன். அவனுக்கு ஐந்து வயது. பலூன்களும் பேசும் நாயும்தான் எனக்கு நினைவில் தங்கியிருந்தன. அப்போது அம்மா இருந்தார்.

கார்லும் எல்லியும் சின்ன வயதில் ஒரு பாழடைந்த வீட்டில் சந்திக்கிறார்கள். தென் அமெரிக்காவில் இருக்கும் ஓர் அருவிக்குப் போக வேண்டும் என்பது எல்லியின் ஆசை. வளர்ந்து, கல்யாணம் செய்து, அதே வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறுகிறார்கள். அதற்கப்புறம் நாலைந்து நிமிடம் படத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முதலில் வசனமெல்லாம் வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டார்களாம். மைக்கேல் ஜியாக்கினோவின் ஒரே மெட்டு முதலில் துள்ளுகிறது, அவர்களுக்கு வயதாக ஆகத் தளர்கிறது, கடைசியில் பியானோ மட்டும் தனியாக நிற்கிறது. அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அந்த நாலைந்து நிமிடத்தில் அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழந்தைக்காக அறைக்கு வர்ணம் பூசுகிறார்கள். அடுத்த காட்சியில் மருத்துவர் அறையில் எல்லி முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். "ஏம்மா அழறாங்க?" என்று மகள் கேட்டாள். "அவங்களுக்குப் பாப்பா பிறக்கலடா" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டுகூட நம் குடும்பங்களில் பேசாத விஷயத்தை ஒரு பொம்மைப் படம் சில நொடிகளில், ஒன்பது வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்படி காட்டிவிட்டது.

அருவிக்குப் போகக் கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் போகிறது, கால் உடைகிறது, மரம் கூரைமேல் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் ஜாடியை உடைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் அப்பா, "மைலோ டின்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் எங்கள் பழைய தங்ளின் ஹால்ட் வட்டார வீட்டில் சாமி மேடைக்குக் கீழே அம்மா வைத்திருந்த மைலோ டின் காசிக்குப் போவதற்கானது. என் பள்ளிப் புத்தகம், தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம், தாத்தாவின் காரியச் செலவு என்று அது திறந்துகொண்டே இருந்தது. அம்மா காசியைப் பார்க்கவே இல்லை.

தங்ளின் ஹால்ட் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பத்து மாடி புளோக்குகளை எல்லாரும் ஹொக்கியன் சீனத்தில் 'சாப் லாவ்' (பத்து மாடி) என்போம். பக்கத்தில் மலாயா ரயில் 2011 வரை ஓடியது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா உலை வைப்பார். அம்மா போய் இரண்டு வருடத்தில், 2014இல், செர்ஸ் அறிவிப்பு வந்தது. பழைய புளோக்குகளை அரசு எடுத்துக்கொண்டு, குடியிருப்பவர்களுக்கு வேறிடத்தில் புது வீடு தரும் திட்டம் அது. மொத்தம் 31 புளோக்குகள். டாசன் என்ற வட்டாரத்தில் மாற்று வீடு கிடைத்தது. 99 ஆண்டுக் குத்தகை புதிதாகத் தொடங்கியது, வாசலுக்குப் பக்கத்திலேயே மின்தூக்கி. நல்ல வீடு என்று அப்பாவே சொல்வார், எங்களுக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் சாவியைக் கொடுக்கும் நாளில் அவர் சமையலறைச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை.

படத்தில் கார்லின் வீட்டைச் சுற்றிப் பாரந்தூக்கிகள் நிற்கின்றன. அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப உத்தரவாகிவிட்டது. 20,000க்கும் மேற்பட்ட பலூன்களைக் கட்டி வீட்டையே பெயர்த்துக்கொண்டு பறந்துவிடுகிறார். மகள் கைதட்டினாள். அப்பா முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர். "பைப்பெல்லாம் பிய்ஞ்சுகிட்டு வருது பாரு" என்றார், குரலை ரொம்பத் தாழ்த்தி.

அப்புறம் அந்த நாற்காலிகள். கார்லைச் சதுரமாகவும் எல்லியை உருண்டையாகவும் வரைந்திருக்கிறார்கள். அவர்களுடைய நாற்காலிகளும் அப்படியேதான். எல்லி இறந்ததும் படத்தின் நிறமே வெளுத்துப்போகிறது. டாசனுக்கு மாறும்போது அம்மாவின் பிரம்பு நாற்காலியை "புது வீட்டுக்கு ஒத்துவராதுப்பா, போட்டுடலாம்" என்று அப்பாவிடம் சொன்னவள் நான். அவர் பதில் சொல்லவில்லை. லாரியில் அதைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

நடுப்பகுதி கொஞ்சம் நீளம்தான். விமானம் ஓட்டும் நாய்கள் முழுக்கப் பிள்ளைகளுக்கானவை. ஆனால் வில்லனாக வரும் மண்ட்ஸைக் கவனித்துப் பாருங்கள். ஒரே ஒரு பறவையைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகக் காட்டிலேயே கிடந்து காய்ந்துபோன கிழவர் அவர். கார்ல் வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆவார் என்பதுதான் மண்ட்ஸ். இதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியதில்லை. நமக்கென்று வைத்தது.

படம் முடியப்போகும் நேரத்தில் கார்ல் எல்லியின் பழைய புத்தகத்தைத் திறக்கிறார். 'இனி செய்யப்போவது' என்று காலியாக விட்டிருந்த பக்கங்களில் அவள் தங்கள் கல்யாண வாழ்க்கையின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் போக நினைத்த பயணம் அந்த வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டைத் திரும்ப மேலே கிளப்புவதற்காக ஒவ்வொரு சாமானாக வெளியே தள்ளுகிறார். இரண்டு நாற்காலிகளை மட்டும் பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

"அவ்வளவு அவசரத்திலயும் ஜோடியாத்தான் வெச்சிட்டுப் போறான்" என்றார் அப்பா.

முதியோரை வீட்டில் வைத்திருக்கும் என் நண்பர்களே, இந்த வார இறுதியில் அவர்களைப் பிடித்து உட்கார வையுங்கள். மொழி தெரியாதே என்று யோசிக்காதீர்கள். நீங்களும் கைப்பேசியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட அவசரப்படாதீர்கள்.

மழை எப்போது விட்டது என்று எங்களுக்குத் தெரியாது. காப்பிக்கடையிலிருந்து போன் வந்தது. "நாளைக்கு வர்றேன்பா" என்று வைத்துவிட்டார். மகள் போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "பாட்டி எங்க போகணும்னு ஆசைப்பட்டாங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"காசி. உன் போன்ல மேப்பு இருக்கில்ல, இங்கேருந்து எவ்வளவு தூரம்னு பார்த்துச் சொல்லு" என்று கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.